மலாவி கிராமத்துக்கு ஆழ்துளைக் கிணறு: புதிது போடுவதா, பழையதைச் சரிசெய்வதா?

ஏரிக்கரை:

வணக்கம். மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் வேலை செய்கிறேன். இங்குள்ள சில குடும்பங்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம். சலிமா மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டி அடிபம்பு பொருத்திக் கொடுக்கலாம் என்று எண்ணம். மற்றவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். எனக்குத்தான் மனம் முழுதாக ஒப்பவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லிலோங்வேயிலிருந்து சலிமா சுமார் 100 கிலோமீட்டர், தார்ச்சாலை. அதிலிருந்து பிரியும் மண்பாதையில் "மடோலா" என்று இங்கே சொல்லும் சரக்கு வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே ஏறிப் போக வேண்டும். நல்ல மழையில் அதுவும் வராது, சைக்கிள்தான். செங்கல் சுவர் வைத்த புல்கூரை வீடுகள். அங்கங்கே தகரக் கூரை தெரியும். அந்த வீட்டிலிருந்து யாரோ ஒருவர் தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று கொள்ளலாம். மின்சாரம் இல்லை. சூரியத் தகடு வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றித் தருகிறார். எல்லோரும் வெள்ளை மக்காச்சோளம் பயிரிடுகிறார்கள். அந்த மாவில் கிளறும் ந்சிமாதான் மூன்று வேளையும். கூடவே கொஞ்சம் நிலக்கடலை, பருத்தி. நவம்பர் கடைசியில் மழை தொடங்கினால் விதைப்பு, ஏப்ரலில் அறுவடை. ஜனவரி முதல் மார்ச் வரை குதிர்கள் காலி. அந்த மாதங்களில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய் அன்றன்றைக்கு மாவு வாங்குகிறார்கள்.

ஊரில் ஏற்கெனவே இரண்டு அடிபம்புகள் இருக்கின்றன. ஒன்று ஓடுகிறது. விடியுமுன்பே வாளிகள் வரிசை கட்டிவிடுகின்றன. இன்னொன்று மூன்று ஆண்டுகளாக நிற்கிறது. ஊர்த்தலைவர் புதிதாக ஒன்று வேண்டும் என்கிறார். கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்கவில்லை. புதிதாகத் தோண்டுவதா, நிற்பதைச் சரிசெய்வதா?

மதுரைவாசி:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நிற்கிற பம்புக்கு வாஷர் மாற்றினால் ஓடப் போகிறது. மிச்சப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யுங்கள்.

ஆழ்துளை:

வாஷர் மாற்றினால் போதுமா என்பது எந்தப் பம்பு என்பதைப் பொறுத்தது தம்பி. மலாவி என்றால் பெரும்பாலும் ஆஃப்ரிடெவ் என்ற வகைப் பம்பாக இருக்கும். படம் போட்டால் உறுதியாகச் சொல்வேன்.

கோவைப் பக்கம் அடிபம்பு வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1970களின் தொடக்கத்தில் நம் ஊரிலும் இதே நிலைதான். ஆழ்துளைக் கிணறுகளை அவசர அவசரமாகத் தோண்டி, மேலே வார்ப்பிரும்புப் பம்புகளை நிறுத்தினார்கள். அவை மேல்நாட்டுப் பண்ணை வீட்டுப் பம்புகளைப் பார்த்துச் செய்தவை. ஒரு குடும்பம் நாளைக்குச் சில வாளி இறைத்துக்கொள்ளப் போதும். அதை ஓர் ஊரே காலை முதல் இரவு வரை அடித்தால் எத்தனை நாள் தாங்கும்? எங்கு பார்த்தாலும் பழுது. சோலாப்பூரில் ஒரு மிஷன் பட்டறையில் எஃகில் செய்த பம்பு மட்டும் தாக்குப்பிடித்தது. அதை வைத்து யுனிசெஃப் உதவியோடு உருவானதுதான் இந்தியா மார்க் 2. சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் என்ற அரசு நிறுவனம் தயாரித்தது. கோவை வட்டாரக் கிணறுகளில் வைத்துச் சோதித்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் போனது.

அந்தப் பம்பு இங்கே நின்றதற்குப் பம்பு மட்டும் காரணமில்லை. தமிழ்நாட்டில் மூன்று அடுக்காகப் பராமரிப்பு வைத்தார்கள். ஊரில் ஒரு காப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. மார்க் 2இல் வாஷர் மாற்ற வேண்டுமென்றால் கிணற்றுக்குள் இருக்கும் ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) முழுவதையும் மேலே தூக்கியாக வேண்டும். முக்காலி வேண்டும், கப்பி வேண்டும், நான்கைந்து பேர் வேண்டும். மாவட்டக் குழு இருந்ததால் இங்கே அது நடந்தது. ஆப்பிரிக்காவுக்குப் பம்பை அனுப்பினார்கள், அந்த வண்டியை யாரும் அனுப்பவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1980களில் ஆஃப்ரிடெவ் வந்தது. மலாவியிலும் கென்யாவிலும் வைத்து உருவாக்கிய வடிவம். காப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம், இந்தியப் பட்டறைகளும் செய்து அனுப்புகின்றன. பி.வி.சி. குழாயை அசைக்காமலே, பிஸ்டனைத் தூக்கி இறக்கும் ராடுகளைக் கொக்கி கழற்றி எடுத்து, பிஸ்டனையும் அடிவால்வையும் மேலே கொண்டுவந்துவிடலாம். ஒரு ஸ்பேனர் போதும். 45 மீட்டர் ஆழம் வரை இறைக்கும்.

ஆகவே முதலில் அதைத் திறந்து பாருங்கள். திறக்காமல் புதிதுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மதுரைவாசி:

ஒரு ஸ்பேனர் போதும் என்றால் மூன்று ஆண்டுகள் ஏன் சும்மா விட்டார்கள் ஐயா? அந்த ஊர்க்காரர்களுக்கே அக்கறை இல்லையென்றால் நாம் என்ன செய்ய முடியும்?

யாழ்நிலா:

அக்கறை இல்லை என்று இங்கிருந்து எழுதுவது இலகு. நான் உகாண்டாவிலும் பிறகு கொஞ்சக் காலம் மலாவியிலும் சுகாதாரத் திட்டங்களில் வேலை செய்தவள். தண்ணீர் எடுக்கும் பெண்ணுக்கு அக்கறை இல்லாமல் இருக்க வழியே இல்லை. இருபது லிட்டர் வாளி தலையில், குழந்தை முதுகில், நாளுக்குப் பல நடை.

மலாவியில் ஓர் அடிபம்புக்கு 250 பேர் என்பது அரசின் கணக்கு. ஒவ்வொரு பம்புக்கும் ஒரு குழு இருக்க வேண்டும், குழுவில் பெண்கள் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் காசு சேர்த்து, பழுதானால் உதிரிப்பாகம் வாங்க வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு மெக்கானிக் உண்டு, சைக்கிளில் வந்து கூலிக்குத் திருத்திக் கொடுப்பார். காகிதத்தில் எல்லாம் சரிதான்.

இனி மாதங்களைப் பாருங்கள். இந்தச் சனங்களின் கையில் காசு புழங்குவது மே முதல் ஆகஸ்ட் வரைக்கும்தான். பம்பு பெப்ரவரியில் நின்றால் யாரிடம் கேட்பது? அது பசிக்காலம். வீட்டில் மாவு இல்லாதவரிடம் வாஷருக்குக் காசு கேட்க எந்தத் தலைவிக்கும் மனம் வராது. அந்த நேரம் மழையும் பெய்கிறது, பள்ளங்களிலும் ஓடையிலும் தண்ணீர் கிடைக்கிறது. அதனால் பம்பு இல்லாமலே ஒரு மாதிரி சமாளித்துவிடுவார்கள். கொலரா வருவதும் அந்த மாதங்களில்தான். 2022 மார்ச்சில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை நீண்ட தொற்றில் மலாவியில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நாட்டின் வரலாற்றிலேயே பெரிய கொலரா அது.

ஏற்கெனவே சேர்த்து வைத்த காசு இருந்தால்? அதையும் சொல்கிறேன். மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பை 2022 மே மாதம் 25 வீதமும், 2023 நவம்பரில் 44 வீதமும் குறைத்தார்கள். உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வருவது. தகரப் பெட்டியில் வைத்த காசு பெட்டிக்குள்ளேயே உருகிவிட்டது. ஒழுங்காகச் சேமித்த குழுதான் அதிகம் இழந்தது.

ஏரிக்கரை, ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசவில்லை என்றால் பம்படியில் போய் நின்று கதையுங்கள். உங்கள் மனைவியையோ வேறொரு பெண்ணையோ கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கணக்குப்பிள்ளை:

இவ்வளவு பாடு எதற்கு? பணத்தை அந்த வீடுகளுக்கே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு என்ன வேண்டுமென்று அவர்களுக்குத் தெரியாதா?

சும்மா சொல்லவில்லை. மேற்குக் கென்யாவில் சியாயா பகுதியில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு 10,500 ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் வீதம் செல்போன் வழியாகக் கொடுத்தது. குடித்தே அழிப்பார்கள் என்று சொன்னவர்களின் வாயை அடைக்கும்படியான முடிவுகள் வந்தன. வாங்கியவர்கள் மட்டுமல்ல, வாங்காத அக்கம்பக்கத்தாரின் வருமானமும் ஏறியது. கொடுத்த ஒரு டாலர் அந்த வட்டாரத்தில் சுமார் இரண்டரை டாலராகப் புழங்கியது என்று கணக்கிட்டார்கள். விலைவாசியும் பெரிதாக ஏறவில்லை.

அதே சியாயாவில்தான் பொருளியலாளர் ஜெஃப்ரி சாக்ஸ் மில்லேனியம் கிராமத் திட்டத்தைத் தொடங்கினார், சவுரி என்ற இடத்தில். உரம், விதை, கொசுவலை, மருத்துவமனை, பள்ளியில் மதிய உணவு, எல்லாம் ஒரே நேரத்தில். பத்து நாடுகளுக்குப் பரப்பினார்கள், 2015இல் முடித்தார்கள். 2012இல் குழந்தை இறப்பு மற்ற இடங்களைவிட மும்மடங்கு வேகமாகக் குறைந்தது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒப்பிட்ட கணக்கே தவறு என்று மற்றவர்கள் காட்டியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். வெளியாட்கள் திட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஏரிக்கரை:

கையில் கொடுக்கலாம் என்பதை எங்கள் குழுவில் நானும் சொல்லிப் பார்த்தேன். "கிணறு என்றால் காட்டுவதற்கு ஒன்று இருக்கும்" என்று ஒருவர் பளிச்சென்று சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

யாழ்நிலா:

கணக்குப்பிள்ளை, சவுரியைப் பற்றிப் பாதிதான் சொன்னீர்கள். 2018இல் வந்த இறுதி மதிப்பீட்டில், அளந்த 40 விடயங்களில் 30இல் அந்தக் கிராமங்கள் ஒப்பீட்டு ஊர்களைவிட முன்னே இருந்தன. கொசுவலைக்குள் தூங்கிய பிள்ளைகளுக்கு அது பொய்யில்லை. "இதனால் வறுமையே ஒழிந்துவிடும்" என்று விளம்பரம் செய்ததில்தான் கோளாறு. கென்யா முழுவதும் அந்த ஆண்டுகளில் குழந்தை இறப்பு குறைந்துகொண்டே வந்தது. அதைக் கணக்கில் எடுக்காமல் முழுப் பெருமையையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

காசு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்தக் காசில் பெண்கள் தகரக் கூரை போட்டார்கள், ஆடு மாடு வாங்கினார்கள், பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்த்தார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் எந்த ஒரு வீடும் தன் பங்கில் ஊர்க் கிணறு தோண்டாது. பொதுச் சொத்துக்கு ஆள் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

பொதுச் சொத்துக்கு ஆள் வேண்டும், சரி. அந்த ஆள் அரசாங்கம். ஊர்ப் பெண்கள் எதற்கு மெக்கானிக் ஆக வேண்டும்? சென்னையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நீங்கள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவீர்களா? பணக்காரன் புகார் எண்ணை அழைப்பான், ஏழை மட்டும் குழு அமைத்து, பயிற்சி எடுத்து, சந்தா கட்டித் தன் பம்பைத் தானே கழற்ற வேண்டும். அதற்குச் "சமூகப் பங்கேற்பு" என்று பெயர்.

ஆழ்துளை:

இதை ஒப்புக்கொள்கிறேன். ஊர்க்காரரே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்று 1980களில் ஒரு கொள்கையாகவே கொண்டுவந்தார்கள், உலக வங்கியிலிருந்து கீழே வரை. பல அரசுகளுக்கு அது வசதியாகப் போயிற்று, கை கழுவிவிட்டார்கள். 2009இல் இருபது ஆப்பிரிக்க நாடுகளை வைத்து ஒரு மதிப்பீடு வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேலான அடிபம்புகள் ஓடவில்லை.

ஆனால் எளிய பம்பு வேண்டாம் என்றாகாது. ஜிம்பாப்வேயில் புஷ் பம்பு என்று ஒன்று உண்டு, 1933இல் செய்தது. அச்சு ஒரு கடினமான மரக்கட்டை, அதில் துளை. தேய்ந்தால் வேறு கட்டை. அதன் பேரன்தான் இன்றும் அந்த நாட்டின் பம்பு. பார்க்க அழகில்லை, எனக்கு அதைப் பிடிக்கும்.

மதுரைவாசி:

பிள்ளைகள் ராட்டினத்தில் சுற்றி விளையாடினால் தண்ணீர் தொட்டிக்கு ஏறும் என்று ஒரு பம்பு காணொளி பார்த்தேன். மலாவியிலும் வைத்தார்களாம். அது எவ்வளவு நல்ல யோசனை! பள்ளிக்கூடத்தில் வைத்துவிடலாமே?

ஆழ்துளை:

அதன் பெயர் பிளேபம்ப். தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. 2000இல் உலக வங்கி பரிசு கொடுத்தது, 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் தருவதாக மேடையில் அறிவித்தார்கள். 2010க்குள் 4,000 வைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர். அந்தப் பணத்தில் நான்கு அடிபம்பு வைக்கலாம். சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டும் என்று பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது.

யாழ்நிலா:

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அதை யார் சுற்றுவது? வளர்ந்த பெண்கள், வயதான பெண்கள், குனிந்து நின்று ராட்டினத்தைத் தள்ளினார்கள். பலருக்கு அது வெட்கமாக இருந்தது. மொசாம்பிக்கிலிருந்து இதைத் தெளிவாக எழுதினார்கள். சில இடங்களில் ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தார்கள் என்பதுதான் கொடுமை. 2010 வாக்கில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நெறியாளர்:

"ஆப்பிரிக்காக்காரர்கள் எப்போதுமே இப்படித்தான்" என்று தொடங்கிய இரண்டு பதிவுகளையும் அதற்கு வந்த மறுமொழிகளையும் நீக்கியிருக்கிறேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை ஒரே ஊராக்கிப் பேச வேண்டாம். சலிமாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அதைப் பற்றிப் பேசுவோம்.

ஏரிக்கரை:

நேரில் போய் வந்தேன். வட்டார மெக்கானிக்கையும் கூட்டிப் போனேன். நடுத்தர வயதுக்காரர், ஒரு பையில் மொத்தக் கருவியும். ஆழ்துளை ஐயா சொன்னபடி ஆஃப்ரிடெவ்தான். ஒரு ராடு ஒடிந்திருந்தது, பிஸ்டன் சீல் கிழிந்திருந்தது, கைப்பிடி அச்சின் வளையம் (புஷ்) தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மூன்றையும் மாற்ற ஆகும் செலவு, எங்களிடம் இருக்கும் பணத்தில் மிகச் சிறிய பங்கு.

யாழ்நிலா சொன்னபடி என் மனைவி பெண்களோடு பம்படியில் உட்கார்ந்து பேசினாள். கூட்டத்தில் வராத செய்தியெல்லாம் அங்கே வந்தது. குழுவில் பெண்கள்தான் அதிகம், ஆனால் பெட்டி ஓர் ஆணிடம் இருந்தது. ராடு ஒடிவதற்குச் சில வாரங்கள் முன்பு ஊரில் ஒரு பெரிய சாவு. வந்தவர்களுக்கு உணவு போடப் பெட்டியில் இருந்ததை எடுத்தார்கள். திருட்டு என்று யாரும் சொல்லவில்லை, சாவுச் செலவு ஊர்ச் செலவு. ஆனால் திரும்ப வைக்கவில்லை. அதன்பிறகு மாதக் காசு கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இன்னொன்று சொன்னார்கள். அந்தப் பம்பு ஓடிய நாட்களிலும் செப்டம்பர் கடைசியில் தண்ணீர் குறைந்துவிடும். அக்டோபரில் காற்றுதான் வரும். மழை வந்தால்தான் மறுபடி தண்ணீர். "அதைச் சரிசெய்து என்ன பயன், எங்களுக்குத் தண்ணீர் வேண்டியது அக்டோபரில்" என்று ஒரு பாட்டி கேட்டாராம். ஊர்த்தலைவர் புதிது கேட்டதற்கும் அதுதான் காரணம். எங்களிடம் அதை அவர் விளக்கவில்லை.

ஆழ்துளை:

இப்போது கதை மாறுகிறது. அது பம்பின் குற்றமில்லை, கிணற்றின் குற்றம்.

மழைக்காலத்தில் தோண்டியிருப்பார்கள். அப்போது நீர்மட்டம் மேலே இருக்கும், சீக்கிரம் தண்ணீர் தட்டிவிடும், ரிக் வண்டிக்காரர் நிறுத்திவிடுவார். இதற்கு ஒப்பந்தமும் ஒரு காரணம். "தண்ணீர் வராவிட்டால் பணம் இல்லை" என்று போடும் ஒப்பந்தம் ஆப்பிரிக்காவில் பல இடங்களில் வழக்கம். நன்கொடை கொடுப்பவருக்கு அது பாதுகாப்பாகத் தெரியும். ரிக்காரரோ தண்ணீர் சுலபமாகக் கிடைக்கும் காலத்தில், சுலபமாகக் கிடைக்கும் இடத்தில், கிடைத்த அளவோடு முடித்துக்கொள்வார். பெண்கள் நடக்க வேண்டிய தூரமோ அக்டோபர் நீர்மட்டமோ அவர் பில்லில் வராது. கிணற்றின் பக்கம் இடியாமல் இறக்கும் கேசிங் குழாயையும் அதைச் சுற்றிப் போடும் சரளைக்கல்லையும் குறைத்துப் போட்டாலும் மேலே சிமெண்ட் மேடை பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஆகவே என் ஆலோசனை இரண்டும். பழையதை இப்போதே சரிசெய்யுங்கள், ஆண்டில் ஒன்பது மாதத்துக்காவது வரிசை பாதியாகும், மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் குடிக்க வேண்டாம். புதிதும் தோண்டுங்கள், ஆனால் அக்டோபரில், மழைக்கு முன்னால், நீர்மட்டம் அடியில் இருக்கும்போது. இடம் பார்க்க நிலத்தடி நீர் ஆய்வாளருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். தோண்டுபவருக்கு மீட்டர் கணக்கில் கூலி, தண்ணீர் வராவிட்டாலும் பாதியாவது உண்டு என்று எழுதுங்கள். தோண்டும் நாள் முழுவதும் உங்கள் ஆள் ஒருவர் அங்கே நின்று கேசிங் குழாய்களை எண்ண வேண்டும்.

யாழ்நிலா:

தண்ணீரின் அமிலத்தன்மையையும் பாருங்கள். உகாண்டாவில் நான் பார்த்த பம்புகளில் தண்ணீர் வந்தது, ஆனால் ஆட்கள் குடிக்கவில்லை. கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள நிலத்தடி நீர் ஜி.ஐ. குழாயை அரித்துவிடும். காலையில் முதல் வாளி செம்மண் நிறத்தில் வரும், துணி கறைபடும், சமைத்த உணவு நிறம் மாறும். பெண்கள் திரும்ப ஓடைக்கே போனார்கள். அதைப் பார்த்து "சுகாதார அறிவு போதாது" என்று அறிக்கை எழுதினார்கள்! 2016இல் உகாண்டா அரசு அடிபம்புகளில் ஜி.ஐ. குழாய் பொருத்துவதையே நிறுத்திவைத்தது. ஆஃப்ரிடெவ்வில் பி.வி.சி. குழாய் என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் ராடுகள் இரும்பாக இருந்தால் அவை அரிக்கும். ஏரிக்கரைப் பகுதியில் உப்பும் இருக்கலாம். நீர் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் மேடை பூச விடாதீர்கள்.

ஏரிக்கரை:

மிக்க நன்றி. கிணற்றுக்கு வழி தெரிந்துவிட்டது. பெட்டிக்குத்தான் தெரியவில்லை. பழுது வருவது பெப்ரவரியில், காசு வருவது மே மாதத்தில், நடுவில் சாவும் வரும், குவாச்சாவும் சரியும்.

கணக்குப்பிள்ளை:

கென்யாவில் குவாலே, கிட்டூயி பகுதிகளில் ஒரு முறை உண்டு, பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அடிபம்பின் கைப்பிடிக்குள் ஒரு சிறு கருவி வைத்து, யாரும் அடிக்காமல் நின்றுவிட்டால் செல்போன் வழியே தகவல் வரும்படி செய்தார்கள். உள்ளூர் நிறுவனம் ஒன்று மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு உடனே வந்து சரிசெய்கிறது. பழுது நீங்கச் சராசரியாக 27 நாள் ஆனது மூன்று நாளுக்குள் வந்துவிட்டது. முன்பு பம்புக்குச் செலவழிக்க மாட்டேன் என்றவர்கள் இப்போது கட்டினார்கள். கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த மெக்கானிக்குக்கு ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள். பம்பு ஓடும் மாதத்துக்குக் கூலி, நின்ற மாதத்துக்கு இல்லை. அப்போது பழுது வராமல் பார்ப்பது அவர் கவலை.

ஒளிக்காமல் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். கென்யாவிலும் மக்கள் கட்டும் பணம் முழுச் செலவுக்குப் போதவில்லை. மிச்சத்தை ஓர் அறக்கட்டளை நிதி ஈடுகட்டுகிறது. ஆகவே உங்கள் பணம் முழுவதையும் பூமிக்குள் இறக்காதீர்கள், பாதியை எடுத்து வையுங்கள். காட்டுவதற்கு ஒன்று வேண்டும் என்ற நண்பருக்கு ஆண்டுதோறும் ஓடுகிற பம்பின் படத்தை அனுப்புங்கள்.

யாழ்நிலா:

கணக்குப்பிள்ளையோடு ஒத்துப்போகும் நாள் வரும் என்று நினைக்கவில்லை. ஊர்ப் பங்கைக் காசாக வாங்காமல் சோளமாக வாங்குங்கள். அறுவடை முடிந்ததும் மே மாதத்தில் வீட்டுக்கு ஒரு வாளி. அப்போது சோளம் மலிவு, கொடுக்க மனம் வரும். ஜனவரியில் விலை நன்றாக ஏறியிருக்கும். விற்றால் பழுதுக் காலத்தில் கையில் காசு. குவாச்சா சரிந்தாலும் சோளத்தின் விலை கூடவே ஏறும்.

பெட்டியையும் தனியாக வைக்க வேண்டாம். பெண்களிடம் ஏற்கெனவே திண்ணைச் சேமிப்புக் குழுக்கள் இருக்கும், "பாங்க் ம்கொண்டே" என்பார்கள். ஒவ்வொரு வாரமும் எல்லோர் முன்னாலும் எண்ணுவார்கள், பெட்டி ஒருவரிடமும் சாவி வேறொருவரிடமும் இருக்கும். பம்புக் கணக்கை அதற்குள் ஒரு தனிப் பக்கமாக வையுங்கள். சாவுச் செலவுக்கு அந்தக் குழுக்களில் தனி நிதி இருப்பது வழக்கம், அதனால் இதில் கைவைக்க வேண்டி வராது.

இன்னொன்று, அங்கே பெரும்பாலும் கல்யாணமானால் ஆண்தான் பெண்ணின் ஊருக்குக் குடிவருகிறான். மணமுறிவானால் அவன் போய்விடுவான், வேலை தேடியும் போவான். பம்பு கழற்றப் பயிற்சி கொடுத்தால் அந்த ஊரிலேயே பிறந்த இரண்டு மூன்று பெண்களுக்குக் கொடுங்கள்.

மதுரைவாசி:

சோளத்தை எங்கே வைப்பது அக்கா? வண்டு விழுந்துவிடாதா?

கணக்குப்பிள்ளை:

அறுபது வீடு என்று வைத்துக்கொண்டால், வாளிக்கு 16 கிலோ வீதம் ஏறத்தாழ ஒரு டன். ஐம்பது கிலோ மூட்டையில் இருபதுக்குக் கீழே. காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகள் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் விற்கின்றன, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே சாக்கு. இறுக்கிக் கட்டினால் வண்டு மூச்சுமுட்டிச் சாகும், மருந்து தேவையில்லை. பைக்குக் கொஞ்சம் விலை அதிகம், அதை உங்கள் நண்பர் வட்டம் கொடுக்கட்டும். எலி கடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

ஏரிக்கரை:

பெண்களிடம் கேட்டுவிட்டோம். சோளம் கொடுக்கச் சம்மதம். ஒரு வாளி அதிகம், கணவனில்லாத வீடுகளுக்கு அரை வாளி என்று அவர்களே திருத்தினார்கள். பழைய பம்பு அடுத்த வாரம் சரியாகும். புதியதற்கு அக்டோபரில் ரிக் வண்டி. கடைசியாக ஒன்று மட்டும்: தோண்டிய பிறகு தண்ணீர் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆழ்துளை:

நீரேற்றச் சோதனை செய்யச் சொல்லுங்கள், ஒப்பந்தத்தில் தனி வரியாக, தனிக் கூலியோடு. சில மணி நேரம் விடாமல் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் திரும்ப ஏறுகிறது என்று எழுதிக்கொள்வார்கள். அடிபம்புக்கு நொடிக்குக் கால் லிட்டர் தொடர்ந்து வந்தால் போதும். மட்டம் 45 மீட்டருக்குக் கீழே போனால் ஆஃப்ரிடெவ் வாங்காதீர்கள், வேறு பேச வேண்டும். சோதனைத் தாளை இங்கே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். தாளின் ஒரு படி அந்த மெக்கானிக்கிடமும் இருக்கட்டும், அடுத்த முறை ராடு வாங்கும்போது எத்தனை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.